கையில் 2 ஏஸ். 4 கோடி சிப் "அம்போ"!

அசட்டுத் துணிச்சலுக்கு அடித்த யோகம்: லாஸ் வேகாஸ் சீட்டு மேஜையில் ஒரு வாலிபர் கண் கலங்கிய கதை

லாஸ் வேகாஸ் நகரத்துக்கு ராத்திரி கிடையாது. அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்துக்கு நடுவே இருக்கும் அந்த ஊரில் விளக்கு அணைவதே இல்லை. சூதாட்டக் கூடங்களில் கடிகாரம் கூட மாட்ட மாட்டார்கள். மணி என்ன என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவார்களே!

அந்த ஊரில் 2010–ம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு வாலிபர், இருப்பதிலேயே உசத்தியான சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிராளி அவரைவிடப் பின்தங்கி இருந்தார். பணம் எல்லாம் நடுவே போய்விட்டது. பாக்கி ஒரே ஒரு சீட்டு.

அந்தச் சீட்டு விழுந்ததும் ஆட்டமே தலைகீழாகிவிட்டது!

விவரம் வருமாறு:–

7 ஆயிரம் பேர்

போக்கர் சீட்டாட்டத்துக்கு ஆண்டுதோறும் லாஸ் வேகாஸில் உலகப் போட்டி நடக்கிறது. 1970–ல் ஆரம்பித்தது. பிரதான போட்டியில் உட்கார 10 ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். 2010–ல் அப்படிக் கட்டியவர்கள் 7 ஆயிரத்து 319 பேர். ரியோ ஓட்டலில் போட்டி நடந்தது.

அந்த ஆண்டு ஆளுக்கு 30 ஆயிரம் சிப் கொடுத்தார்கள். இந்தச் சிப்பை வெளியே கொண்டுபோய் காசாக்க முடியாது. சிப் தீர்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடைசி வரை தாக்குப்பிடித்து, எல்லார் சிப்பையும் வாரிக்கொள்பவர்தான் சாம்பியன்.

நாள் கணக்கில் ஆடி ஆடி, 7 ஆயிரத்து 319 பேர் 15 பேராகக் குறைந்துவிட்டார்கள். அந்த 15 பேரில் ஒருவர் மேத் ஆஃப்லெக். அமெரிக்கர். இன்னொருவர் ஜோனாதன் துஹாமெல். கனடா நாட்டுக்காரர். இரண்டு பேருமே இளவட்டம். கடைசி 9 பேருக்குள் வந்துவிட்டால் நவம்பர் மாதம் நடக்கும் இறுதி மேஜையில் இடம்!

ஆட்டம் எப்படி?

இது மங்காத்தா மாதிரி "உள்ளே, வெளியே" பார்க்கும் ஆட்டம் அல்ல. ஆளுக்கு 2 சீட்டு கவிழ்த்துக் கொடுப்பார்கள். அது அவரவருக்கு மட்டும் தெரியும். பிறகு மேஜை நடுவில் 5 சீட்டு திறந்து வைப்பார்கள். முதலில் 3 சீட்டு, அப்புறம் ஒன்று, கடைசியாக ஒன்று. நடுவில் இருப்பது எல்லாருக்கும் பொது. தன் 2, பொதுவில் 5, ஆக 7 சீட்டில் நல்லதாக 5 சீட்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜோடியைவிட இரண்டு ஜோடி பெரிது. அதைவிட மூன்று ஒரே சீட்டு. அதற்கும் மேலே வரிசையாக 5 சீட்டு.

ஒவ்வொரு தடவை சீட்டு திறக்கும்போதும் பந்தயம் ஏறும். கட்டலாம், ஏற்றலாம், பிடிக்கவில்லையா, சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா இருக்கலாம்.

கைக்கு வரும் 2 சீட்டில் ராஜபோகமானது ஜோடி ஏஸ். 221 ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் வரும் என்பது கணக்கு. அதற்காகப் பல மணி நேரம் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பவர்கள் உண்டு.

ஆஃப்லெக் கைக்கு வந்தது அதுதான்!

விழுந்தது 8

துஹாமெல் கையில் ஜோடி ஜாக்கி. அதுவும் மோசமான கை இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மிஞ்சி ஏற்றினார்கள். மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

நடுவில் 3 சீட்டு திறந்தது: 10, 9, 7. ஏஸ் ஜோடிதான் முன்னால் நின்றது. நான்காவதாக ராணி விழுந்தது. ஆஃப்லெக் தயங்கவில்லை. தன்னிடம் இருந்த சிப் முழுவதையும், சுமார் 1 கோடியே 16 லட்சம், மேஜை நடுவே தள்ளிவிட்டார்.

துஹாமெல் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். வெறும் ஜாக்கி ஜோடி. நடுவிலோ ராணி கிடக்கிறது. எதிராளி அத்தனையையும் தள்ளிவிட்டான். இந்த நிலைமையில் கெட்டிக்காரன் என்ன செய்வான்? சீட்டைக் கவிழ்த்துவிட்டு அடுத்த ஆட்டத்தைப் பார்ப்பான்.

துஹாமெல் கவிழ்க்கவில்லை. "சரி, பார்க்கலாம்" என்று கட்டிவிட்டார்!

இரண்டு பேர் சீட்டும் திறக்கப்பட்டன. நடுவே இருந்தது 4 கோடிக்கு மேற்பட்ட சிப். போட்டியில் இருந்த மொத்தச் சிப்பில் ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரே குவியலில்! அதை எடுப்பவர் இறுதி மேஜைக்கு ஜம்மென்று போய் உட்காரலாம்.

கண்ணுக்குத் தெரியாத சீட்டு பாக்கி 44. அதில் ஆஃப்லெக்குக்குச் சாதகமானவை 34. துஹாமெலைக் காப்பாற்றக் கூடியவை 10. நான்கு ராஜா, நான்கு 8, பாக்கி இருந்த இரண்டு ஜாக்கி. அவ்வளவுதான்.

விழுந்தது 8.

எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி... வரிசை சேர்ந்துவிட்டது! ஜோடி ஏஸ் குப்பையாகிப் போச்சு.

ஆஃப்லெக்கின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கண் கலங்க எழுந்து வெளியேறினார். டெலிவிஷன் காமிரா விடுமா? பின்னாலேயே போனது. அமெரிக்கா முழுவதும் பார்த்தது. 15–வது இடத்துக்கான பரிசு 5 லட்சத்து 165 டாலர். அன்றைய மதிப்பில் 2 கோடி ரூபாய்க்கு மேல். ஊர் உலகத்துக்கு அது பெரிய பணம்தான். ஆனால் முதல் பரிசு என்ன தெரியுமா? 89 லட்சத்து 44 ஆயிரத்து 310 டாலர்!

முட்டாள்தனமா?

துஹாமெல் செய்தது துணிச்சலா, முட்டாள்தனமா? சீட்டாட்டக்காரர்கள் மத்தியில் இந்த வழக்கு லேசில் தீர்கிற வழக்கு அல்ல.

கணக்கைப் பார்க்கலாம். கட்ட வேண்டியது சுமார் 1 கோடியே 16 லட்சம். ஜெயித்தால் கைக்கு வருவது 4 கோடிக்கு மேல். நூறு தடவை இப்படிக் கட்டினால் ஏறத்தாழ 28 தடவையாவது ஜெயித்தால்தான் கை கடிக்காது. ஏஸ் ஜோடிக்கு எதிராக துஹாமெலுக்கு இருந்தது 23. ஆகவே நஷ்டக் கட்டுதான்.

ஆனால் எதிராளியிடம் ஏஸ் ஜோடி இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? கண்ணாடி மாட்டியா பார்த்தார்? எதிராளி ஏஸும் ராஜாவும் வைத்துக்கொண்டு பாவ்லா காட்டியிருந்தால் ஜாக்கி ஜோடிதான் பெரிது. அப்படியும் நடக்கக் கூடும் என்று அவர் நினைத்தார். நினைத்தது தப்பு. தப்புக்குக் கிடைத்தது பரிசு!

"ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் தள்ளியிருந்தால் துஹாமெல் ஓடியிருப்பானே" என்று ஆஃப்லெக்கைக் கேட்கலாம். ஓடியிருந்தால் ஏஸ் ஜோடிக்கு என்ன கிடைத்திருக்கும்? சில்லறை. நல்ல கை வைத்திருப்பவன் எதிராளி ஓடக் கூடாது என்றுதான் பிரார்த்தனை செய்வான். எதிராளி தப்பாகக் கட்டினால்தான் இவனுக்குப் பிழைப்பு. அந்தத் தப்பு நான்கில் மூன்று தடவை இவனுக்குச் சோறு போடும். நாலாவது தடவை எப்போது வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஆஃப்லெக்குக்கு அது வாழ்க்கையிலேயே பெரிய ஆட்டத்தில் வந்து தொலைத்தது.

கிழவரும் செய்த வேலைதான்

அசட்டுச் சீட்டிடம் நல்ல சீட்டு அடிபடுவது நேற்று முளைத்த சமாசாரம் அல்ல. "டெக்சாஸ் டாலி" என்று பெயர் எடுத்த டாயில் பிரன்சன், போக்கர் ஆட்டத்தின் பீஷ்மர். 2023 மே மாதம் 89 வயதில் காலமானார். அவர் 1976, 1977 இரண்டு ஆண்டும் உலகப் பட்டம் வென்றார். இரண்டு ஆண்டும் கடைசி ஆட்டத்தில் அவர் கையில் இருந்தது என்ன? 10, 2!

இதைவிட மட்டமான கை தேடித்தான் பிடிக்க வேண்டும். புதிதாகக் கற்றுக்கொள்பவன் இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு பணம் கட்டினால் வாத்தியார் காதைத் திருகுவார்.

1976–ல் எதிரே உட்கார்ந்தவர் ஜெஸ்ஸி ஆல்ட்டோ. அவர் கையில் ஏஸ், ஜாக்கி. நடுவில் விழுந்த முதல் 3 சீட்டு ஏஸ், ஜாக்கி, 10. ஆல்ட்டோவுக்கு இரண்டு பெரிய ஜோடி! லட்டு மாதிரி கை. நான்காவது சீட்டு 2. அதற்குப் பிறகும் பிரன்சனைக் காப்பாற்றக் கூடிய சீட்டு கட்டில் நான்கே நான்குதான். விழுந்தது அதில் ஒன்று... இன்னொரு 10. பரிசு 2 லட்சத்து 20 ஆயிரம் டாலர் பிரன்சனுக்கு. ஆல்ட்டோ அதன் பிறகும் பல தடவை இறுதி மேஜை வரை வந்தார். அந்தப் பட்டம் மட்டும் அவர் கைக்கு எட்டவே இல்லை.

மறு வருடம் கேரி பெர்லண்ட் மாட்டினார். அவர் கையில் 8, 5. நடுவில் 10, 8, 5. மனிதர் பூரித்துப் போனார். அடுத்து விழுந்தது 2. அதோடு பிரன்சன் முந்திவிட்டார். கடைசியில் வந்ததும் 10–தான்! இன்றைக்கும் 10, 2 என்ற கைக்கு "டாயில் பிரன்சன்" என்றே பெயர்.

பெரியவர் செய்தால் சாமர்த்தியம், சின்னவன் செய்தால் அசட்டுத்தனம்... ஜெயித்தவர் பக்கம்தான் பெயரும் நிற்கிறது.

பாவ்லாவில் விழுந்த ஜோடி

நல்ல கையைத் தோற்க இன்னொரு வழியும் உண்டு. சீட்டால் தோற்காமல், பயத்தால் தோற்பது!

2003–ல் நடந்தது இது. டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த ஒரு கணக்கர். பெயர் கிறிஸ் மணிமேக்கர். பெயரே "பணம் பண்ணுகிறவர்"! ஜோடித்த பெயர் இல்லை, குடும்பப் பெயரே அதுதான். இன்டர்நெட்டில் சொற்பக் காசு கட்டி ஆடி, 10 ஆயிரம் டாலர் இடத்தைப் பிடித்து வந்தவர். கடைசியில் மிஞ்சிய எதிராளி சாம் ஃபார்ஹா. பழம் தின்று கொட்டை போட்ட தொழில் ஆட்டக்காரர். பற்ற வைக்காத சிகரெட்டை வாயில் கவ்விக்கொண்டே ஆடுவது அவர் ஸ்டைல்.

ஒரு ஆட்டத்தில் ஃபார்ஹாவிடம் ஜோடி 9. நடுவில் இருந்ததில் பெரிய ஜோடியே அதுதான். மணிமேக்கரிடம் ஒன்றும் இல்லை. வரிசையும் சேரவில்லை, இஸ்பேட் நிறமும் சேரவில்லை. வெறும் ராஜா ஒன்று. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கையில் இருந்த அத்தனை சிப்பையும் தள்ளிவிட்டு, சிலை மாதிரி உட்கார்ந்துகொண்டார்!

ஃபார்ஹா எதிராளியின் முகத்தை உற்றுப் பார்த்தார். நிறம் தப்பிவிட்டதா என்று கேட்டும் பார்த்தார். மூச்சு இல்லை. கடைசியில் ஃபார்ஹா ஜெயிக்கும் சீட்டைக் கவிழ்த்துவிட்டார். சற்று நேரத்தில் ஆட்டமும் போயிற்று, பட்டமும் போயிற்று. 25 லட்சம் டாலர் கணக்கர் வீட்டுக்குப் போனது.

அதோடு பிடித்தது சனி, தொழில் ஆட்டக்காரர்களுக்கு! "கணக்குப்பிள்ளை ஜெயித்தால் நான் ஜெயிக்க மாட்டேனா?" என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். 2003–ல் போட்டியில் உட்கார்ந்தவர்கள் 839 பேர். 2004–ல் 2 ஆயிரத்து 576. 2005–ல் 5 ஆயிரத்து 619. 2006–ல் 8 ஆயிரத்து 773!

இவ்வளவு பேரும் கணக்குப் போட்டா ஆடுவார்கள்? எந்தச் சீட்டு வந்தாலும் கட்டுகிற கூட்டம். கையில் பணத்தோடு வந்த அந்தக் கூட்டத்தைக் கண்டு பழைய ஆட்டக்காரர்களுக்கு வாயெல்லாம் பல். அதே கூட்டம்தான் அவர்கள் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டது.

திட்டினார், தண்டனை!

1989–ல் உலகப் பட்டம் வென்ற பில் ஹெல்முத் வாய்த்துடுக்குக்குப் பேர் போனவர். 2008 போட்டியில் அவர் கையில் ஏஸ், ராஜா. ருமேனியாவைச் சேர்ந்த டிராகோமிர் என்பவர் 10–ம் 4–ம் வைத்துக்கொண்டு, ஏற்றிய பந்தயத்தையும் கட்டினார். நடுவில் 10 விழுந்தது. ஹெல்முத் மோப்பம் பிடித்துக் கவிழ்த்துவிட்டார். பிறகு எதிராளி சீட்டைக் காட்டினாரே பார்க்கலாம்... ஹெல்முத்துக்குத் தலைக்கேறிவிட்டது. "இடியட்" என்ற வார்த்தை பறந்தது.

நடுவர்கள் சும்மா விடவில்லை. கொஞ்ச நேரம் ஆட்டத்தில் இருந்து விலக்கி வைப்பதாகத் தண்டனை விதித்தார்கள். பிறகு போட்டியின் தலைமை அதிகாரி தலையிட்டு அதை ரத்து செய்தார். அதற்கும் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது, பெரிய மனிதர் என்றால் தனிச் சட்டமா என்று.

மட்டமான சீட்டில் கட்டியவனைத் திட்டுவதைப் போல அசட்டுத்தனம் வேறில்லை என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். திட்டு வாங்கியவனுக்கு ரோஷம் வந்து ஒழுங்காக ஆட ஆரம்பித்துவிட்டால் யாருக்கு நஷ்டம்? இன்னொன்றும் உண்டு. தோற்ற கோபத்தில் அடுத்த ஆட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவது. இதற்கு "டில்ட்" என்று அங்கே பெயர். ஏஸ் ஜோடியில் போனது கொஞ்சம், டில்ட்டில் போனது மீதி என்ற கதைகள்தான் அதிகம்.

சின்ன மேஜை... பெரிய அடி

உலகப் போட்டி கிடக்கட்டும். லாஸ் வேகாஸ் கிளப்புகளில் தினமும் நடக்கும் சின்னப் பந்தய மேஜைகளில்தான் இந்த வயிற்றெரிச்சல் ஜாஸ்தி. அங்கே கட்டுவது சில்லறை. அதனால் யாரும் சீட்டைக் கவிழ்ப்பதே இல்லை. சுற்றுலா வந்தவர், பீர் குடித்துக்கொண்டே ஆடுபவர், பெண்டாட்டி ஷாப்பிங் முடித்து வரும் வரை பொழுதைப் போக்குபவர்... எல்லாரும் கட்டுவார்கள்.

ஏஸ் ஜோடி வைத்திருப்பவன் கதி என்ன?

எதிரே ஒரே ஆள், கையில் ஏதோ ஒரு சீட்டு என்றால், நூற்றுக்கு 85 தடவை ஏஸ் ஜெயிக்கும். எதிரே 4 பேர் கடைசி வரை இருந்தால் 56 தடவை. 9 பேரும் விடாமல் இருந்தால்? 31 தடவைதான்! தனித்தனியாக ஒவ்வொருவனும் அசடுதான். அத்தனை அசடும் சேர்ந்தால் யாராவது ஒருவனுக்கு அடித்துவிடுகிறது. மேஜையில் இருப்பவர்களில் பெரிய கை வைத்திருந்தும் பத்துக்கு ஏழு தடவை தோற்கிறான் மனிதன்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 31 தடவைதான் ஜெயித்தாலும் ஜெயிக்கும்போது 9 பேர் பணமும் வருகிறது. ஒரு ரூபாய் கட்டினால் 10 ரூபாய்க் குவியல். ஆகவே லாபம் குறையவில்லை, கூடத்தான் செய்கிறது. ஆனால் அடுத்தடுத்து நாலு தடவை ஏஸ் உடைந்து எழுந்து போகிறவனிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். அடிக்க வருவான்!

கிளப்காரர்களுக்கு இந்த வேதனை நன்றாகத் தெரியும். அவர்கள் சீட்டு ஆடுவதில்லை. ஒவ்வொரு குவியலிலும் ஒரு பங்கைக் கமிஷனாக எடுத்துக்கொள்வார்கள். ஆள் எழுந்து போனால் கமிஷன் போச்சு. அதனால் "தோற்றவனுக்குப் பரிசு" என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள்! ஒவ்வொரு குவியலில் இருந்தும் ஒரு டாலர், அரை டாலர் என்று தனியாக எடுத்து உண்டியல் சேர்ப்பார்கள். 4 ஒரே சீட்டு போன்ற மகா பெரிய கை தோற்றால் உண்டியல் உடையும். பெரும்பாலும் பெரிய பங்கு தோற்றவனுக்கு, சின்னப் பங்கு ஜெயித்தவனுக்கு, மிச்சம் மேஜையில் இருந்தவர்களுக்கு! ஏஸ் ஜோடி உடைந்தாலே கொஞ்சம் சிப் இனாமாகத் தரும் கிளப்புகளும் உண்டு. யார் பணம் அது? ஆடுகிறவன் பணம்தான். அவன் பாக்கெட்டில் எடுத்து அவன் கண்ணீரைத் துடைக்கிறார்கள்.

கோர்ட்டிலும் இதே கேள்வி

கெட்டிக்காரன் இப்படித் தோற்கிறான் என்றால் இது அதிர்ஷ்ட ஆட்டமா, திறமை ஆட்டமா? இந்தக் கேள்வி சென்னை ஐகோர்ட்டு வரை வந்தது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழக அரசு 2022–ல் கொண்டுவந்த சட்டத்தில் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் இருந்தன. 2023 நவம்பரில் ஐகோர்ட்டு, இரண்டும் திறமை ஆட்டங்களே என்று தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. திறமையோ, அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆன்லைனில் ஆடும் ஆட்டமே கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லிவிட்டது.

நவம்பரில் நடந்தது

4 கோடி சிப்பை வாரிய துஹாமெல், கடைசி 9 பேரில் எல்லாரையும்விட அதிக சிப்புடன் இறுதி மேஜைக்குப் போனார். 2010 நவம்பரில் அந்த ஆட்டம் நடந்தது. அவருக்கு அப்போது வயது 23. ஒவ்வொருவராக விழுந்து, கடைசியில் எதிரே மிஞ்சியவர் ஜான் ரேசனர் என்ற அமெரிக்கர்.

கடைசி ஆட்டத்தில் துஹாமெலிடம் ஏஸ், ஜாக்கி. ரேசனரிடம் ராஜா, 8. இந்தத் தடவை நல்ல கை துஹாமெலிடம், பின்தங்கியவர் எதிராளி. சிப் எல்லாம் நடுவே போயிற்று. 5 சீட்டும் விழுந்தன: 4, 4, 9, 6, 5. ராஜாவும் வரவில்லை, 8–ம் வரவில்லை.

ஏஸ் ஜெயித்தது. 89 லட்சத்து 44 ஆயிரத்து 310 டாலரும் சாம்பியன் வளையலும் கனடாவுக்குப் போயின. அந்த நாட்டுக்காரர் ஒருவர் இந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் தடவை.